தரிப்பும் இருப்பும்

பிரயாணஞ் செய்பவன் இரண்டு கவலைகளை உடன்கொண்டு செல்கிறான். இன்றிரவு எங்கே உறங்குவது என்பது ஒன்று. ஏறிவந்த ஊர்தியை எங்கே விடுவது என்பது மற்றொன்று. வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு புறப்படுபவனுக்கு முதலாவது கவலை இல்லை என்றே யாவரும் எண்ணுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2019 ஆம் ஆண்டுக் கோடையிற் பதினாறு நாட்கள் அத்தகைய வண்டியொன்றிற் சென்றுவந்த பின்னர்தான், அவ்விரு கவலைகளும் ஒன்றாய்த் திரண்டு இருமடங்காகின்றன என்பதை உணர்ந்தேன்.

வட ஜேர்மனியில் வாழும் என் தமக்கையாரின் கணவர் அவ்வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்நாட்டவர் அதனை ‘வோன்மொபில்’ என்பர். வீட்டுவண்டி என நாம் கூறலாம். அத்தான், அக்கா, மருமகள், நான் ஆகிய நால்வரும் கொலோன், ஸ்ராஸ்பூர்க் ஆகிய நகரங்களின் வழியாகப் புளோரன்ஸ் வரை செல்வதென்று முடிவாயிற்று. பியற் டுக்காற்றோ என்ற சிறு பாரவண்டியின் அடித்தளத்தின் மேல் அமைக்கப்பட்டது அவ்வூர்தி. நீளம் ஏழு மீற்றர். உயரம் ஏறக்குறைய மூன்று மீற்றர். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, மலசலகூடம் யாவும் அதனுள் அடக்கம். சாதாரண கார் ஓட்டும் அனுமதிப்பத்திரத்துடன் அதனைச் செலுத்துவதாயின், சுமையோடு சேர்த்து 3500 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. அக்கா ஏற்றிய அரிசி மூடையும் மிளகாய்த்தூளும் இந்தக் கணக்கைக் குழப்பிவிடுமோ என்று அத்தான் அஞ்சிக்கொண்டேயிருந்தார். மடக்கு நாற்காலிகள் இரண்டையும் அக்கா மறவாது ஏற்றினார். மாலை வேளையில் வண்டியருகே அமர்ந்து தேநீர் அருந்துவது அவருடைய நெடுநாள் ஆசை.

கார் ஒன்றுக்கென நகரத்திற் கோடிட்டு ஒதுக்கும் இடம் ஏறக்குறைய ஐந்து மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் அகலமும் கொண்டது. ஏழு மீற்றர் வண்டியை அதற்குள் விட்டால் வால் வீதியில் நிற்கும். “தம்பி, கார் எண்டால் எந்தச் சந்துக்குள்ளையும் விட்டிட்டுப் போகலாம். இது வீடல்லோ. வீட்டுக்கு ஆர் றோட்டிலை இடந் தருவான்?” என்று அத்தான் முதல் நாளே கூறினார்.

கொலோன் நகரில் அந்தக் கேள்விக்கு எளிதாக விடை கிடைத்தது. ஜேர்மானிய நகரங்கள் பலவற்றில் வீட்டுவண்டிகளுக்கென்றே நகரசபைகளும் தனியாரும் ‘ஸ்ரெல்பிளாற்ஸ்’ எனப்படும் தரிப்பிடங்களை அமைத்துள்ளனர். நல்ல நீர் நிரப்பவும், கழிவுநீரை வெளியேற்றவும், மின்சாரம் பெறவும் அங்கே வசதியுண்டு. கொலோனிற் ரைன் நதிக்கரையில், ரீல் என்னும் பகுதியில் நாம் தரித்தோம். நகரத்தின் நடுப்பகுதிக்குள் வண்டியைக் கொண்டுசெல்ல நாம் முயலவில்லை. 2008 ஆம் ஆண்டிற் பேர்லின், ஹனோவர் ஆகிய நகரங்களோடு கொலோனும் புகை கக்கும் ஊர்திகளைத் தடுக்கும் வலயத்தை வகுத்தது. வண்டியில் அதற்குரிய பச்சை ஒட்டுத்தாள் இருந்தபோதிலும், வண்டி நுழையலாம் என்பதால் அது நிற்க இடமுண்டு என்றாகிவிடாது. 1248 இல் தொடங்கி 1880 இல் நிறைவெய்திய பேராலயத்தின் 157 மீற்றர்க் கோபுரத்தைக் குறியாகக் கொண்டு ஆற்றங்கரை வழியே நடந்து சென்றோம். அன்று மாலை மழை பெய்தமையால் நாற்காலிகள் வண்டிக்குள்ளேயே கிடந்தன.

ஸ்ராஸ்பூர்க்கில்தான் சோதனை வந்தது. அங்கே 1994 இலிருந்து புதிய ட்றாம் சேவை இயங்குகிறது. நகரின் வெளிப்புறத்தில் வாகனத்தை விட்டு ட்றாமில் உள்ளே செல்வதற்கான தரிப்பிடங்களும் உள. அவ்வாறான ஓரிடத்தின் வாயிலுக்குட் புகுந்தபோது, எம்முன்னே ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரத்திற் குறுக்குச் சட்டமொன்று நின்றது. அத்தான் தடுப்பை அழுத்தினார். பின்னால் ஆறு கார்கள், ஆறும் ஒலியெழுப்பின. மருமகள் இறங்கி ஒவ்வொரு காரையும் மன்றாடிப் பின்னகர்த்தினாள். கூரையுள்ள தரிப்பிடத்துக்குக் குறுக்குச் சட்டம் வேண்டியதே. வானமே கூரையாகவுள்ள வெளியிடத்தில் அது எதற்கென்று நான் வினவினேன். “உயரமான வண்டி எண்டால் உள்ளுக்கை ஆக்கள் படுப்பினம். அதுதான்,” என்றார் அத்தான்.

வேறிடந் தேடிச் சுற்றுகையில் ‘ஏர்’ என்று தொடங்கும் பெயர்ப்பலகை ஒன்றைக் கண்டோம். வெளியிடம் என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சுச் சொல் வீட்டுவண்டித் தரிப்பிடங்களுக்கு வழங்குவது. மகிழ்ச்சியோடு உள்ளே திரும்பினோம். பெருவீதிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே, மரமற்ற தார்த்தரையில், இழுவை வீடுகள் வரிசையாக நின்றன. கொடிகளில் உடைகள் காய்ந்தன; சிறுவர் விளையாடினர். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எம்மிடம் வந்தார். பிரெஞ்சு கற்ற மருமகள் அவருடைய பேச்சை எமக்கு மொழிபெயர்த்தாள். அது உல்லாசப் பயணிகளுக்கு உரிய இடமன்று. பரம்பரையாக இழுவை வீடுகளில் வாழும் நாடோடி மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. 5000 இற்கு மேற்பட்டோர் வாழும் ஊராட்சிகள் இத்தகைய இடங்களை அமைக்கும் பொறுப்பில் பங்குகொள்ள வேண்டும் என்பது 2000 ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம். அக்கடமையை நிறைவேற்றிய ஊராட்சி, அவர்கள் பிறவிடங்களில் வண்டி நிறுத்துவதைத் தடைசெய்யவும் அதே சட்டம் இடமளிக்கிறது.

அவர் எம்மை விரட்டவில்லை. அக்காவைக் கண்டதும் தம் வீட்டு வாயிலில் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக் கோப்பி தந்தார். பேச்சினிடையே, தாம் இளமையிற் சுமந்து திரிந்த ஒரு கையேட்டைப் பற்றிக் கூறினார். 1969 ஆம் ஆண்டின் சட்டமொன்று, நிலையான வீடின்றி வாழ்வோர் நடமாட்டப் பத்திரம் வைத்திருக்க வேண்டும் என விதித்தது. அவர் தம் கையேட்டைக் காலத்துக்குக் காலம் காவல் நிலையத்திற் காட்டிக் கையொப்பம் பெறவேண்டியிருந்ததாம். 2017 இலேதான் அச்சட்டம் முற்றாக நீக்கப்பட்டது. இதனை மருமகள் மொழிபெயர்த்து முடித்ததும் அத்தான் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “எங்களிட்டையும் ஒரு கடதாசி இருந்தது எண்டு சொல்லு, பிள்ளை,” என்றார்.

அத்தான் 1985 ஆம் ஆண்டு கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினை அடைந்து அகதி நிலை கோரியவர். புகலிடங் கோருவோர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை எழுத்தனுமதியின்றிக் கடக்கலாகாது என்ற விதி 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அங்கே வந்திருந்தது. அடுத்த மாவட்டத்தில் நண்பன் ஒருவனின் திருமணத்துக்குச் செல்வதற்குக்கூட அவர் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். இதனை அவருடைய மகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். கேட்டதை அந்த முதியவருக்கு மொழிபெயர்க்கவும் வேண்டியிருந்தது. அவளுடைய குரல் தடுமாறியது. பின்னர் அம்முதியவர் எமது வரைபடத்தில் பயணிகளுக்கான தரிப்பிடத்தைக் குறித்துக் காட்டி எம்மை வழியனுப்பினார்.

புளோரன்ஸ் நகரில் இடம் தேடி நாம் அலையவில்லை. அந்நகரின் பழைய பகுதிக்குள் அனுமதியற்ற வாகனங்கள் நுழைந்தால் வாயிலிலுள்ள கமராக்கள் இலக்கத்தகட்டைப் படம்பிடிக்கும். தண்டப்பத்திரம் பல மாதங்களின் பின் வீட்டுக்கு வரும். ஆனால், 2017 இல் அந்நகரின் ஓரத்திலே வில்லா கொஸ்தான்ஸா என்னும் தரிப்பிடம் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து நேரே அதனுட் சென்று வண்டியை விட்டு, அங்கிருந்து புறப்படும் ட்றாமில் ஏறினால் அரை மணிக்குள் நகரின் நடுவை அடையலாம். நகரின் நடுவைத் தேடாமல் ட்றாம் பாதையின் முடிவைத் தேடுவதே வீட்டுவண்டிக்காரன் கற்கவேண்டிய முதற் பாடம். எனினும், அதனை முதலிலேயே கற்றிருந்தால் ஸ்ராஸ்பூர்க்கில் நாம் வழிதவறியிருக்கமாட்டோம். அந்த முதியவரைக் கண்டிருக்கவும் மாட்டோம்.

இத்தாலியின் 1992 ஆம் ஆண்டு வீதிச் சட்டக்கோவையின் 185 ஆம் பிரிவு, வீட்டுவண்டி எப்போது தரித்து நிற்கிறது, எப்போது கூடாரமடிக்கிறது என்பதை வரையறுக்கின்றது. சக்கரங்களையன்றி வேறெதுவும் நிலத்தில் ஊன்றலாகாது. இயந்திரப் புகையையன்றி வேறு கழிவு வெளியேறலாகாது. வண்டியின் உடலுக்கு மிஞ்சிய இடத்தைக் கொள்ளலாகாது. இவற்றுக்கு உட்பட்டால் அது தரிப்பு. அருகே ஒரு நாற்காலியை விரித்துவிட்டால் அது இருப்பு ஆகிவிடுகிறது. தரிப்பவனை நகரம் பொறுத்துக்கொள்ளும். இருப்பவனிடமோ கேள்வி கேட்கும். அக்காவின் நாற்காலிகள் ஏன் விரிக்கப்படாமலே வந்தன என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அன்றிரவு வண்டியின் கதவைத் திறந்துவைத்துப் படியில் அமர்ந்தவாறு அத்தான் கூறினார்: “அந்தக் காலத்திலை என்னட்டை ஒரு பெட்டிதான், தம்பி. இப்ப வீட்டோடை வந்து நிக்கிறன். ஆனால், கேக்கிற கேள்வி ஒண்டுதான்: எப்ப வெளிக்கிடுவாய்?”

அவர் கூற்றில் உண்மையுண்டு. எனினும் அது முழு உண்மையன்று. பதினாறாம் நாள் வண்டியை ஒப்படைத்துவிட்டு நாம் திரும்புவதற்குச் சுவரும் முகவரியும் உள்ள வீடு இருந்தது. எமக்கு இடமின்மை ஒரு விடுமுறைத் தொல்லை. தண்டவாளத்தருகே கோப்பி தந்தவருக்கு அதுவே தலைமுறை தலைமுறையான வாழ்வு. ஒரு நகரம் தன் விருந்தினரை எவ்வாறு நடத்துகிறது என்பதை அதன் பேராலயத்தையும் ஓவியக்கூடத்தையும் பார்த்து அறியமுடியாது. பணம் செலவிட வருபவனுக்கு அது ஒதுக்கும் நிலத்தையும், போக்கிடமின்றி நிற்பவனுக்கு ஒதுக்கும் நிலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அறியலாம். மூன்று நகரங்களை வலம்வந்த அந்தப் பயணத்தில், திறந்த வானின் கீழ் எமக்கு நாற்காலி கிடைத்தது ஓரிடத்தில் மாத்திரமே. அதனை எடுத்துப் போட்டவர், நிலையான வீடு என்று ஒன்றும் இல்லாதவர்.