கஹ்ருபா மணியும் ஓர் எறும்பும்

என் பாட்டனார் இரங்கூனில் வாணிகம் செய்தவர். 1942-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் கால்நடையாய் ஊர் திரும்பியபோது அவர் கொணர்ந்த பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று தேன்நிறத் தஸ்பீஹ். அதன் பெரிய மணியொன்றினுள் ஓர் எறும்பு ஆறு கால்களும் விரிந்தவாறு கிடக்கும். "இது கஹ்ருபா" என்று வாப்பா சொல்லித் தந்தார்கள். நானும் முப்பதாண்டுகளாய் என் மாணவர்க்கு அவ்வாறே சொல்லி வந்தேன்.

கஹ்ருபா பாரசீகச் சொல். 'காஹ்' என்பது வைக்கோல்; 'ருபா' என்பது கவர்வது. துணியில் தேய்த்தால் துரும்பை இழுப்பதால் வந்த பெயர். இன்றைய அரபியில் மின்சாரத்தைக் 'கஹ்ரபா' என வழங்குவதும் இதனாலேயே. கிரேக்கர் இதனை 'எலெக்ட்ரான்' என்றனர். ஆங்கிலத்தில் மின்சாரத்தின் பெயரும் அதினின்றே பிறந்தது. இவ்விடத்தில்தான் தஸ்பீஹை வகுப்பில் எடுத்துக் காட்டுவேன்.

கஹ்ருபா கல்லன்று, தொன்மையான மரங்களின் பிசின். பட்டையில் கசியும் பிசினில் கால் வைத்த பூச்சி மீள்வதில்லை. மேலும் வழியும் பிசின் அதனை மூடும். பின்னர் மண்ணில் புதையுண்டு, ஆவியாகும் கூறுகள் நீங்கி இறுகும். வட பர்மாவின் ஹூக்காங் பள்ளத்தாக்கில் கிடைப்பது ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுப் பழைமையுடையது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிடைத்த கட்டியொன்றில் இருந்த எறும்புகளை 1967-இல் வில்சன் முதலிய அறிஞர் ஆராய்ந்தனர். எறும்பின் இடையும் குளவியினது போன்ற குறுந்தாடையும் ஒருங்கே கண்டு, எறும்பினம் குளவி வழி வந்ததற்குச் சான்றெனக் கொண்டனர்.

சென்ற ஆண்டு, கல்லூரியில் வேதியியல் பயிலும் பழைய மாணவர் ஒருவர் வந்தார். மணியை நெடுநேரம் நோக்கிவிட்டு, "ஹஸ்ரத், தாங்கள் அனுமதித்தால் உப்பு நீரில் இட்டுப் பார்க்கலாமா? நிறைய உப்புக் கரைத்த நீரில் மெய்யான கஹ்ருபா மிதக்கும்" என்றார் தயங்கியவாறு. மிதக்கும் என்ற உறுதியோடு நானே உப்பைக் கரைத்தேன். மணி குவளையின் அடியிற்போய் அமர்ந்தது.

"துரும்பை இழுத்ததே!" என்றேன்.

"செயற்கைப் பிசினும் இழுக்கும், ஹஸ்ரத்" என்றார் தாழ்ந்த குரலில்.

அன்றிரவு உறக்கமில்லை. "காக்கா, வெளியே சொல்லாதீர்கள், நம் பெரியவர் ஏமாந்தார் என்ற பேச்சு நமக்கு எதற்கு?" என்றான் தம்பி. அவன் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆனால் பாட்டனார் ஏமாந்ததை மறைப்பதாய் எண்ணி, ஆராயாது போதித்த என் பிழையையன்றோ மறைக்கப் பார்க்கிறேன்?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் கஹ்ருபாவினுள் ஓர் ஈ இருந்தது. ஜெர்மானியப் பேரறிஞர் வில்லி ஹென்னிக்கும் 1966-இல் அதனை மெய்யென ஏற்றார். 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் என்னும் ஆய்வாளர் நுண்ணோக்கியில் நோக்கியபோது குட்டு வெளிப்பட்டது. கட்டியை இரண்டாய் அறுத்து, ஒரு பாதியைக் குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருந்தனர்! அறிஞர்கள் அதனை மறைக்கவில்லை, கட்டுரையாகவே வெளியிட்டனர். அதனால் ஹென்னிக்கின் புகழ் குன்றிவிடவுமில்லை.

மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். குவளையையும் மணியையும் காட்டினேன். எவரும் நகைக்கவில்லை. ஒரு சிறுவன் மட்டும், "இனி இதில் ஓதலாமா, ஹஸ்ரத்?" என்று கேட்டான்.

ஓதலாம் என்றேன். பாட்டனாரின் விரல் தேய்த்த தேய்வு அம்மணிகளில் இன்னும் இருக்கிறது. அது மட்டும் போலியன்று.