தோற்றம் என்றால் உயர்ச்சி

தன் நிலையில் பிறழாமல் அடங்கி நிற்பவனின் தோற்றம் மலையைவிடப் பெரிது என்கிறார் வள்ளுவர், அடக்கமுடைமை அதிகாரத்தில். அந்த 124-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் ஒரு சொல் என்னை வெகுநாள் படுத்தியது. ‘தோற்றம்’ என்பதற்கு ‘உயர்ச்சி’ என்று பொருள் சொல்கிறார். கண்ணுக்குத் தெரிவதுதானே தோற்றம்? அது எப்படி உயரமாகும்?

விடை மேகமலை பஸ்ஸில் கிடைத்தது. சின்னமனூரில் ஏறும்போது மலை எதிரே நின்றது. தென்பழனி சோதனைச் சாவடி தாண்டிச் சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் மேகம் மூடிக்கொண்டது. மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. ஜன்னல் முழுக்க வெள்ளை. ஆனால் காது அடைத்தது. எஞ்சின் முக்கி முனகியது. சந்தைப் பையோடு எஸ்டேட்டுக்குத் திரும்பிய அம்மா ஒருவர் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டார். கண்ணுக்கு மறைந்த மலை, உயரத்தை எங்கள் உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அடுத்த வளைவில் மேலிருந்து ஒரு கார் வந்து எதிரே நின்றது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. கார்க்காரரோ ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்கள் டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் விசில் கொடுக்க, அங்குலம் அங்குலமாக பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தார். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்திருக்கும். கார் கடந்து போனது.

“ஏறுறது நம்மதானண்ணே, நீங்க எதுக்கு எடுக்கணும்?” என்றார் கண்டக்டர்.

“அவருக்கு ரிவர்ஸ் வராதுப்பா. உள்ள சின்னப் புள்ளைக இருக்கு.”

மலை என்றதும் நமக்கு முனிவர் ஞாபகம்தான் வருகிறது. பரிமேலழகர் அங்கே போகவில்லை. இந்தக் குறளின் ‘நிலை’ இல்வாழ்க்கை என்கிறார். ஐம்பொறிகளும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அடங்குவதுதான் இங்கே அடக்கம் என்கிறார். அதிகாரம் இருப்பதும் இல்லறவியலில்தான். கை ஸ்டியரிங்கில், காதில் ஹாரன், முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய உயிர்கள். இதற்கு நடுவிலும் எதிர் வண்டியில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்கிற கண்.

மலைமேல் ஹைவேவிஸில் இறங்கியதும் டிரைவரின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். தலையில் மஃப்ளர் சுற்றி, டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். இடையில் மேகம்.