மதகைத் தேடி மூன்று சனிக்கிழமைகள்

டிசம்பர், முதல் சனி: செம்பாக்கம்

தாம்பரம் வட்டாரத்துப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு இந்த மூன்று சனிக்கிழமை வேளாண்மைப் பாடம் ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் எல்லாமே ஏரி வைத்து நெல் விளைவித்த ஊர்கள். கரை, மதகு, கலங்கல் ஆகிய சொற்களை மாணவர்கள் கரைமேல் நின்றே கற்கிறார்கள். மதகு என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். கலங்கல், ஏரி நிரம்பிய பின் மிச்சத்தை அடுத்த ஏரிக்கு அனுப்பும் வழி. செம்பாக்கத்தில் ஆயக்கட்டாக, அதாவது ஏரிப் பாசனத்தில், இருந்த நிலத்தில் இன்று பெரும்பாலும் வீடுகள். மதகைத் திறந்து மூட ஆள் தேவைப்படாத ஏரியைக் கவனிக்கவும் ஆளில்லாமல் போனது; கழிவுநீர் புகுந்து ஆகாயத்தாமரை படர்ந்தது. தூர்வாரி மீட்கும் பணி வந்தது அதற்குப் பிறகுதான். மாணவர்கள் கலங்கலருகே ஒரு பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் சனி: பள்ளிக்கரணை

செம்பாக்கத்தின் மிச்சத் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைத் தாண்டி இந்தச் சதுப்புநிலத்தில் இறங்குகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், பிறகு கடல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். நீலத் தாழைக்கோழியைத் தேடும் அதே பார்வையில் பெருங்குடிக் குப்பைமேடும் படுகிறது. அதை மறைக்காமல் காட்டுவதே நல்லது.

மூன்றாம் சனி: வேடந்தாங்கல்

தாம்பரத்திலிருந்து சுமார் 60 கி.மீ.; ஜி.எஸ்.டி. சாலையில் போய்ப் படாளத்தில் திரும்ப வேண்டும். இங்குள்ள ஏரியில் மதகுக்கு இன்னும் வேலை இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழ, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறுகின்றன. அந்தத் தண்ணீர் மதகு வழியே நெல்லுக்குப் பாய்கிறது. உரச்செலவு குறைகிறது என்பது உழவர் கணக்கு.

பறவைகளைச் சுட வந்தவர்களை இவ்வூர் மக்கள் எதிர்த்ததும் இந்தக் கணக்கால்தான். 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊர் மக்களின் உரிமையை ஏற்றார். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-இல்தான். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு இங்கே பட்டாசு வெடிப்பதில்லை.

வரப்பில் கிடக்கும் நத்தை ஓடு ஒன்று மாணவர்களின் கைமாறுகிறது. ஓட்டில் கீறலில்லை, மூடியும் சதையும் மட்டும் இல்லை. நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். ஓட்டைப் பெரும்பாலும் உடைக்காமலே கீழலகின் நுனியால் சதையை உருவிவிடும். பகலெல்லாம் வயலில் நத்தை பொறுக்கும் நாரை மாலையில் ஏரி மரத்துக்குத் திரும்புகிறது. வயல் அதற்கு இரைக்களம். ஏரி வயலுக்கு நீரும் எருவும்.

நவரைப் பட்டத்துக்கு நாற்றங்கால் தயாராகும் நேரம் இது. வாய்க்காலில் வரும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து, 'வேடந்தாங்கல், மதகு' என்று எழுதி ஒட்டுகிறார்கள். செம்பாக்கத்துப் பாட்டிலில் 'கலங்கல்' என்றுதான் எழுத முடிந்தது.