வரைபடத்தில் காணாத வாய்க்கால்

நம் இளைய சகோதரியின் மகன் வளைகுடா நாடொன்றில் பதினோராண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளில் தன் தாயாருக்கென ஒரு மனை வாங்க விரும்பினான். அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் நான்கு ஏக்கர் கரும்புக் கொல்லை மனைகளாகப் பிரிக்கப்படவிருப்பதாகக் கேள்வியுற்றோம். விற்பவர் தந்த வண்ண வரைபடத்தைச் சகோதரி நம்மிடம் நீட்டி, "அண்ணே, நீங்க ஓதினவங்க. பார்த்துச் சொல்லுங்க. பதினேழாம் நம்பர், கிழக்குப் பார்த்த மூலை மனை. நாளைக்கு முன்பணம் கொடுக்கணும்" என்றார்.

ஓதியவர் என்ற சொல் நம்மை நாணச் செய்தது. 2003-இல் அங்கீகாரமற்ற மனையொன்றை எதையும் விசாரியாது வாங்கியவர் நாமே. 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்த பிறகே நமக்கு விழிப்பு வந்தது. அடுத்த ஆண்டு அரசு கொண்டுவந்த விதிகளின்படிக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக் கொண்டோம். தாள் நேரானது; தரை நேராகவில்லை. அதற்கு முன்பே, 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டிப் பண்ருட்டியை அடுத்த விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனபோது, நம் வீட்டினுள்ளும் முழங்காலளவு நீர் நின்றது. அடித்தட்டிலிருந்த கிதாபுகளைப் பல நாள் வெயிலில் விரித்து உலர்த்தினோம்.

ஆகவே முன்பணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, அ-பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் பெற்றோம். வண்ண வரைபடத்தில் இல்லாத வாய்க்கால் ஒன்று புலப்படத்தில் குறுக்கே ஓடியது. பதிவேட்டில் அது நீர்வழிப் புறம்போக்கு. நேரில் சென்றபோது வாய்க்காலைக் காணவில்லை. புதுமண் கொட்டப்பட்டிருந்தது, ஓரத்தில் கோரைப்புல் மட்டும் ஒரு வரிசையாய் நின்றது. பக்கத்துக் கொல்லைப் பெரியவர், "ஏரித் தண்ணி இப்படித்தான் இறங்கும் பாய். இதை அடைச்சா கிழக்கே இருக்கிற காலனி முழுகும்" என்றார். காலால் அளந்து பார்த்தோம். பதினேழாம் மனை வாய்க்காலின் மேலேயே இருந்தது.

இத்தகைய மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். சாலைகளைத் தானப்பத்திரத்தால் ஊராட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டுத் தானமாகவே தர வேண்டும். பணம் கட்டித் தப்ப இயலாது. ஆனால் 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள பெருந்திட்டங்களையே நோக்குகிறது. நான்கு ஏக்கர் கொல்லை அதன் கண்ணில் படுவதில்லை. அங்கே ஊராரின் கண்தான் காவல்.

ஃபிக்ஹுச் சட்டத்தில் 'ஹரீம்' என்றொரு பாடம் உண்டு. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் அவற்றின் பயன்பாட்டுக்குத் தேவையான சுற்றிடம் உரியது. அதைப் பிறர் தமதாக்கிக் கொள்ளலாகாது. இப்பாடத்தைப் பல ஆண்டுகள் மாணவர்க்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். நம் மனையை வாங்கிய நாளில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை!

புலப்பட நகலை இணைத்து ஊராட்சிக்கும் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் மனு எழுதினோம். செய்தியறிந்த மருமகன் தொலைபேசியில் வருந்தினான்: "மாமு, பதினேழு வேணாம்னா வேற நம்பர் வாங்கியிருக்கலாமே. ஊர்ப் பகை நமக்கெதுக்கு?" அவன் கேட்டதில் நியாயமில்லாமல் இல்லை. விலை ஏறும், அவன் விடுப்பு முடியும். ஆயினும், "நாம் ஒதுக்கும் பதினேழாம் மனையை வேறொரு தாயின் மகன் வாங்குவான், தம்பி. தெரிந்தும் வாய்மூடியிருந்தால் அவன் வீட்டில் புகும் தண்ணீருக்கு நாமும் பொறுப்பாளி" என்றோம். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

வாய்க்காலையும் அதன் இருகரை இடத்தையும் காட்டுமாறு வரைபடம் திருப்பியனுப்பப்பட்டது. புதிய வரைபடத்தில் மனைகள் குறைந்திருக்கின்றன. ஒப்புதல் இன்னும் வரவில்லை. சகோதரி வாடகை வீட்டிலேயே இருக்கிறார். நம்மைக் காணும்போதெல்லாம் "என்னாச்சு அண்ணே?" என்பார், அதற்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை.

வாசக நேயர்களே! பிள்ளைகள் கடல் கடந்து ஈட்டிய பொருளை மண்ணில் இடுமுன் புலப்படத்தைக் கேளுங்கள், பதிவேட்டைப் பாருங்கள். இயன்றால் ஐப்பசி மழையில் அந்நிலத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோதும் கண்டோம். தண்ணீர் பத்திரம் படிப்பதில்லை, தன் பழைய வழியையே தேடி வருகிறது.