இப்பணியிடம் இனித் தேவையில்லை

நான் ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர். தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தேன். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவள் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறேன். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். சாகும்வரை வரும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், இங்கே நான் எழுதப்போகிறவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் உண்டா இல்லையா என்பதே தெரியாது. தெரியாதபடி வைத்திருந்தவள் நான்.

காசநோய் ஆய்வுத் திட்டங்கள் சிலவற்றுக்கு நான் பி.ஐ.யாக, அதாவது முதன்மை ஆய்வாளராக, இருந்தேன். வெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது தெரியாது. நிதி நிறுவனம் மூன்றாண்டுக்குப் பணம் ஒப்புக்கொள்ளும். மொத்தமாகத் தராது, ஆண்டுக்கு ஒரு தவணை. போன தவணையைச் செலவழித்த கணக்கை, யு.சி. என்று நாங்கள் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழை, அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். லேப் டெக்னீஷியன், களப்பணியாளர், ஆய்வு மாணவர் எல்லாருக்கும் அதிலிருந்துதான் தொகுப்பூதியம். எங்கள் திட்டங்களில் பி.எஃப். கிடையாது. மருத்துவக் காப்பீடு கிடையாது. காசநோயாளியின் சளியைக் கையில் எடுத்து வேலை செய்கிறவருக்குக் காப்பீடு இல்லை என்பது ஒருநாளும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

நியமன ஆணை ஆறு மாதத்துக்கு. அது முடிந்ததும் ஒரு நாள் பிரேக். மறுநாள் புது ஆணை. தொடர்ச்சியாக வேலை செய்தேன் என்று யாரும் நாளை வழக்குப் போட்டுவிடக் கூடாதாம். அந்த ஒரு நாளும் அவர்கள் வேலைக்கு வந்தார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்து இருக்காது. கல்ச்சரில் வளரும் கிருமிக்குப் பிரேக் இல்லையே. அந்த வெற்றுக் கட்டங்களுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

யாராவது தயங்கித் தயங்கி, "மேடம், நமக்கு பர்மனென்ட் ஆக வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டால் உமாதேவி தீர்ப்பைச் சொல்வேன். 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு அது. முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாக வந்தவர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கோர முடியாது என்றது. அதை முழுதாகப் படிக்காமலே பல ஆண்டுகள் மேற்கோள் காட்டினேன். ஒப்பளிக்கப்பட்ட இடங்களில் பத்தாண்டுக்கு மேல் உழைத்தவர்களை ஒருமுறை மட்டும் முறைப்படுத்தச் சொன்ன பகுதியும், காலி இடங்களை முறையாக நிரப்பச் சொன்ன பகுதியும் அதிலேயே இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். எனக்கு வேண்டியிருந்தது வாயை அடைக்க ஒரு பெயர்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. நீட்டிப்பு ஆணையை நான் வேண்டுமென்றே கடைசி நாள்வரை வைத்திருப்பேன். ஃபைல் தயாராக இருக்கும். டீன் ஒப்புதலும் வந்திருக்கும். என் மேசை இழுப்பறையில் கிடக்கும். கடைசி வாரத்தில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தபடி நடப்பார்கள். அந்த வாரத்தில் யாரும் லீவு கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள். வேலை பறக்கும். இதை நான் கண்டுபிடித்தது தற்செயலாக; தொடர்ந்தது தெரிந்தே. "என் லேபில் யாரும் லீவு கேட்பதில்லை" என்று சக பேராசிரியர்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

ஓராண்டு யு.சி. அனுப்புவதில் தாமதம் செய்தேன். காரணம் சோம்பல்தான். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் படிக்க வேண்டிய கட்டுரை மனதை நிறைத்திருந்தது. கணக்குப் பிரிவு கேட்ட இரண்டு ரசீதுகளைத் தேட எனக்கு நேரமில்லை. மார்ச் 31 போயிற்று. தவணை வரவில்லை. திட்டப் பணியாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. எனக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. எங்கள் களப்பணியாளர் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு கிராமம் கிராமமாகப் போய்ச் சளி மாதிரி வாங்கி வந்தார். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அந்தப் பெட்ரோல் என்பதை ஆபீஸ் கிளார்க் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவரைக் கூப்பிட்டு, "டெல்லியில இருந்து ஃபண்டு வரலப்பா" என்றேன். தாமதம் டெல்லியில் இல்லை, என் மேசையில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர், "பரவால்ல மேடம்" என்றார்.

வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கதை சொல்வேன். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில், மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள் என்று அந்த மையம் 1959இல் காட்டியது. வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணியவர்களும், சொல்லாமல் போய் நின்று சிறுநீர் வாங்கிச் சோதித்தவர்களும் இல்லாமல் அந்த முடிவு இல்லை. ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் அது தொடங்கியது. 1964இல் நிரந்தர மையமானது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும். வகுப்பு முடிந்து லேபுக்கு வந்தால், வீடு வீடாகப் போய் வந்தவரிடம் பெட்ரோல் பில்லில் தேதி சரியில்லை என்று சத்தம் போடுவேன்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியமானது.

எங்கள் லேபில் ஒரு பெண் டெக்னீஷியன் இருந்தார். தொகுப்பூதியம் 18,000 ரூபாய். முந்தைய திட்டத்திலிருந்தே எங்களோடு இருந்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன்; அவர் வாழ்க்கையில் நான் குறுக்கிட்டது போதும். சளி மாதிரியைக் கல்ச்சருக்குத் தயார் செய்வது அவர் வேலை. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மற்றக் கிருமிகளைக் கொல்ல வேண்டும். நேரம் குறைந்தால் வேண்டாத கிருமி மிஞ்சும். கூடினால் காசநோய்க் கிருமியே செத்துவிடும். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் என்று செய்முறைப் புத்தகம் சொல்லும். சளியின் கெட்டியைப் பார்த்துச் செய்யும் பக்குவம் கைக்குத்தான் வரும். அவர் கைக்கு வந்திருந்தது. எங்கள் கல்ச்சர் கெட்டுப்போவது அபூர்வம். அந்தப் பெயரை நான் வாங்கிக்கொண்டேன். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. 'திட்டப் பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும்.

2019 மே மாதம். ஒருநாள் அவர் லேப் கோட்டுக்குப் பொத்தான் போடாமல் இருந்தார். விதிமீறல் என்று கண்டிக்கத்தான் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்ததும் புரிந்தது.

"எத்தனாவது மாசம்?"

"ஏழு, மேடம்."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"ஜூன்ல ஆர்டர் முடியுது, மேடம்."

வேறெதுவும் அவர் சொல்லவில்லை. ஏழு மாதமாக வயிற்றில் பிள்ளையோடு, மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமிகள் இருக்கும் அறையில், என்-95 மாஸ்க்கும் மாதிரிகளைக் கையாளும் பாதுகாப்புக் கேபினட்டுமே துணையாக அவர் வேலை செய்திருக்கிறார். முதல் மாதமே சொல்லியிருந்தால் டேட்டா பிரிவுக்கு மாற்றியிருப்பேன் என்று இன்றைக்கு நான் சொல்லலாம். சொல்லும்படி நான் நடந்துகொள்ளவில்லை. இழுப்பறையில் ஆணையைப் பூட்டி வைக்கும் ஒருத்தியிடம் யார் சொல்வார்கள்? அந்த அறையிலிருந்து அவர் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் என்மேல் இருந்த பயம்.

அப்போதாவது திருந்தியிருக்கலாம். என் மனம் போட்ட கணக்கு வேறு. பேறுகால விடுப்பு என்றால் 26 வாரம் ஊதியம். திட்ட பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பு கிடையாது. நிதி நிறுவனத்தைக் கேட்டால் கல்லூரியைக் கேள் என்பார்கள், கல்லூரியைக் கேட்டால் நிதி நிறுவனத்தைக் கேள் என்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவேயில்லை. கேட்டுக் கடிதம் எழுதினால் அவர் பணிக்கால விவரம் கேட்பார்கள். ஒரு நாள் பிரேக்குகள் வெளியே வரும். அடுத்த திட்டத்துக்கான விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. பயந்தேன்.

சட்டம் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. பேறுகாலப் பயன் பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்பது தெரியும். மஸ்டர் ரோலில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கும் இந்தப் பயன் உண்டு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும். 2017 திருத்தத்தில் 12 வாரம் 26 ஆனபோது எங்கள் செவிலியர் கூட்டத்தில் அதை விளக்கிப் பேசியவளே நான்தான். என் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் சம்பளத்தோடு விடுப்பு எடுத்தவள். திரும்பி வந்தபோது என் நாற்காலி இருந்தது.

அவரிடம் கனிவாகப் பேசினேன். "இந்த நிலைமையில கல்ச்சர் ரூம்ல இருக்கக் கூடாதும்மா. ஆர்டர் எப்படியும் முடியப் போகுது. வீட்ல ரெஸ்ட் எடு. குழந்தை பொறந்ததும் வா, பாத்துக்கலாம்." அந்தக் குரலை நினைத்தால் இன்றும் கூசுகிறது. திட்டி அனுப்பியிருந்தால் அவர் யாரிடமாவது முறையிட்டிருப்பார். அன்பாகச் சொன்னதால் நம்பிப் போனார்.

அன்று மாலை ஃபைலில் என் கையால் எழுதினேன்: 'பணி அளவு குறைந்துள்ளதால் இப்பணியிடம் இனித் தேவையில்லை.' அலுவலகக் கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "மெட்டர்னிட்டி வருமே மேடம்?" என்றார். "அவங்க பீரியடே முடியுதே" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஜூலையில் அதே வேலைக்கு வேறு பதவிப் பெயரில் விளம்பரம் கொடுத்தேன்.

புதிதாக வந்த பையன் மேல் குற்றமில்லை, சொல்லித்தர ஆளில்லை. கல்ச்சர்கள் கெட்டுப்போகத் தொடங்கின. திட ஊடகத்தில் காசநோய்க் கிருமி வளரவில்லை என்று உறுதியாகச் சொல்ல எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். கெட்டுப்போனால் நோயாளியிடம் மறுபடி சளி வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் அவர் எந்த மருந்துக்கு அடங்காத கிருமியோடு நடமாடுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. சிலரிடம் மறுபடி வாங்க முடியவில்லை. ஊரை விட்டுப் போயிருந்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் 'தொழில்நுட்பக் காரணங்களால் சில மாதிரிகள் விலக்கப்பட்டன' என்று எழுதினோம். தொழில்நுட்பக் காரணம் நான்.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்தார். தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சண்டை போடவில்லை. அனுபவச் சான்றிதழ் மட்டும் கேட்டார். கொடுத்தேன். அதிலும் தேதிகள் துண்டு துண்டாகத்தான் இருந்தன. தனியார் லேபில் அதைப் பார்த்தவர்கள், ஏன் இப்படி விட்டுவிட்டு வேலை செய்தீர்கள் என்று கேட்டார்களாம். இப்போது அங்கேதான் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார். காசநோய்க் கல்ச்சர் தெரிந்த கை அது.

அவரை அனுப்பிய அதே 2019இன் ஜனவரியில்தான் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. நாடு முழுக்க அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் பலன். எங்கள் டெக்னீஷியன்களுக்குச் சங்கமும் இல்லை, தெருவும் இல்லை. ஆளுக்கொரு ஆறு மாத ஆணைதான் இருந்தது.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தில்லியில் ஒப்பந்தப் பணியில் இருந்த ஒரு மருத்துவரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தாலும் பேறுகாலப் பயன் முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நாளிதழில் படித்தேன். "அவங்க பீரியடே முடியுதே" என்ற என் வாதம் சட்டப்படியும் செல்லாது என்று அன்று தெரிந்தது. நியாயப்படி செல்லாது என்பது, சொன்ன அன்றே தெரியும்.

பி.ஐ.யாக இருக்கிறவர்கள் இதைப் படித்தால், அடுத்த நீட்டிப்பு ஆணையை ஒரு மாதம் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு எந்த நிதியும் வேண்டாம். புதிய திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பேறுகால ஊதியத்துக்கும் காப்பீட்டுக்கும் பணம் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். திட்டப் பணியில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஆணையையும் நகலெடுத்து வீட்டில் வையுங்கள். பிரேக் நாளில் வேலைக்கு வந்தால் அன்றைய லேப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும்.

அந்த டெக்னீஷியனின் ஃபைலில் நான் எழுதிய காரணம் பொய் என்றும், வேலை குறையவில்லை என்றும், அவருக்கு 26 வார ஊதியம் சேர வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்திட்டு அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதைப் பயன்படுத்துவதும் கிழித்துப் போடுவதும் அவர் விருப்பம். கேட்டால் எந்த அதிகாரி முன்பும் வந்து இதையே சொல்வேன்.