உப்புக் காற்றில் கணினி கோப்போர்

கையில் தாராளமாகப் பணம் உள்ளவனுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை. விலை கூடிய பாகங்களையே வரிசையாக எடுத்து ஒரு பெட்டிக்குள் பூட்டிவிட்டால் அது ஓடிவிடும். ஐம்பதாயிரம் ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு, அதற்குள் விளையாட்டும் ஓடவேண்டும், தம்பியின் படிப்புக்கும் ஆகவேண்டும், ஐந்தாண்டுக் காலமாவது பழுதில்லாமல் உழைக்கவும் வேண்டும் என்று கேட்டு வருகிற ஒருவனுக்கு, எந்தப் பாகத்தில் செலவைக் கூட்டுவது, எதில் குறைப்பது, எதை இப்போதைக்கு வாங்காமலே விடுவது என்று தீர்மானித்துச் சொல்வதற்குத்தான் அனுபவமும் விவேகமும் தேவைப்படுகின்றன. அந்தத் தீர்மானம் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும், கடலோரத்து ஊரில் அது தனியொரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது என்பதையும், தூத்துக்குடி வி.இ. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சிறிய கடையில் மார்கழி மாதத்துப் பகற்பொழுதுகளைக் கழித்தபோது நான் கண்டுகொண்டேன்.

கடையில் மூன்று பேர். உரிமையாளர் நாற்பதைக் கடந்தவர். வருகிறவர்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்த பெண் ஒருத்தி, பழுதான போர்டுகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பற்றவைக்கும் வேலையைச் செய்கிறாள். பார்சல் எடுக்கவும் கேபினெட் துடைக்கவும் ஒரு பையன். அண்ணாச்சி தொழில் கற்றது முதலில் ப்ரௌசிங் சென்டரில். இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் இளைஞர்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் உட்கார்ந்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய காலம் அது. பிறகு அவர் உப்பளக் கம்பெனிகளின் அலுவலகங்களுக்குக் கணினி பழுது பார்க்கப் போனார். அங்கேதான், தம்முடைய வார்த்தையில் சொன்னால், "உப்பு என்ன செய்யும்னு" படித்தார்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதிலும் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரத்திலேயே கசிந்துவிடும். ஆகவே, விசிறி உள்ளிழுக்கும் காற்றோடு வந்து போர்டின் மேல் படிகிற கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள், இந்தக் கடற்கரையில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஈரமாகவே கிடந்து, மின்சாரம் பாயும் நுண்ணிய செப்புத் தடங்களை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கிறது. மலிவான கேபினெட்டின் தகடு வெட்டப்பட்ட விளிம்பில் முதலில் துரு காணும், அடுத்து திருகுகள், அதற்குப் பின் ராமின் பொன்முலாம் பூசிய பற்கள் மங்கி, ஒருநாள் காலையில் இயந்திரம் திரையில் ஒன்றும் காட்டாமல் மௌனமாகிவிடும்.

"திரேஸ்புரமா, மில்லர்புரமா, மொதல்ல அதச் சொல்லச் சொல்லுவேன் சார். என்ன கேமுங்கதப் பொறவு கேட்டுக்கிடுவேன்" என்றார் அண்ணாச்சி. முன்னது கடலை ஒட்டிய பகுதி, பின்னது கடலை விட்டு உள்ளே தள்ளியது.

நான் அங்கே இருந்தபோது வந்த இளைஞர் திரேஸ்புரத்துக்காரர், தகப்பனார் சங்குகுளிப்பவர். இவர் துறைமுகத்தைச் சார்ந்த ஒரு கண்டெய்னர் கிடங்கில் கணக்கெழுதும் வேலை பார்க்கிறார். வேலோரண்ட் என்னும் துப்பாக்கி விளையாட்டில் இவருக்கு மிகுந்த ஈடுபாடு. கல்லூரிக்குப் போகும் தம்பி ஒருவர் உண்டு. கைப்பேசியில் படித்துப் படித்துத் தயாரித்த பட்டியலொன்றை அவர் நீட்டினார். அதில் பணத்தின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிருந்தது, எஸ்.எம்.பி.எஸ். இருக்கவேண்டிய இடத்தில் கேபினெட்டோடு இலவசமாக வரும் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது.

"கார்டு நல்லதாப் போட்டுருவோம் அண்ணாச்சி. எஸ்.எம்.பி.எஸ். சும்மா ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்."

"அந்தச் சும்மா ஏதாவதுதான் தம்பி ஒருநா டப்புன்னு போகும். போகும்போது தனியாப் போவாது, ஓங் கார்டையும் கூட்டிக்கிட்டுப் போவும்."

இந்த ஒரு பாகத்தைப் பற்றி மட்டும் அவர் அரை மணி நேரம் பேசினார். அதில் மிகை ஏதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாகவும் அதற்குக் கீழாகவும் மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் ஊட்டுவது எஸ்.எம்.பி.எஸ். என்பதால், அதில் ஏற்படும் குற்றம் மற்ற அனைத்தையும் தொட்டுவிடுகிறது. மலிவானவற்றின் மேலே 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். பாதிச் சுமையைக் கூட அவை நெடுநேரம் தாங்குவதில்லை. 2004-இல் தொடங்கிய 80 ப்ளஸ் என்னும் சான்றிதழைப் பெற்றவை, உள்ளே வாங்கும் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் பயனாக்குகின்றன. வீணாகும் மின்சாரம் வெப்பமாக மாறுவதும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஐந்து 210 மெகாவாட் இயந்திரங்களோடு 1050 மெகாவாட் உற்பத்தித் திறன் உள்ள அனல்மின் நிலையம் துறைமுகத்துக்கு அருகிலேயே நிற்கிறது. அப்படியிருந்தும் மழைக்காலத்தில் கடற்கரைத் தெருக்களில் மின்சாரம் துள்ளுவதும் தாழ்வதும் நின்றபாடில்லை. எர்த் விஷயமும் இங்கே விசித்திரமானது. உப்பு மண் மின்சாரத்தை நன்றாகவே கீழே இறக்கும். ஆனால் அதே மண் எர்த் குழாயைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். வீட்டுக்காரருக்கோ அது போய்விட்டது என்பதே தெரியாது. கணினி வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லும் கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிராசசர் விஷயத்துக்கு வந்தபோது அவர் எடுத்துவைத்தது ரைசன் 5600ஜி. 2021 ஆகஸ்டில் கடைகளுக்கு வந்த இந்தச் சில்லு, ஆறு கோர்களோடு தனக்குள்ளேயே ஒரு சிறு கிராபிக்ஸ் பகுதியையும் கொண்டிருப்பதால், தனிக் கார்டு இல்லாமலே வேலோரண்ட் போன்ற இலேசான விளையாட்டுகளைச் செம்மையாக ஓட்டிவிடும். இதன் பிறப்பை விசாரித்தால் இந்த ஊருக்குப் பழக்கமான ஒரு தொழிலே நினைவுக்கு வரும். தொழிற்சாலையில் எட்டு கோர்களும் எட்டு கிராபிக்ஸ் கூறுகளுமாகவே இது வார்க்கப்படுகிறது. சோதனையில் எல்லாம் தேறியவை மேல்தரமாக விலைபோக, ஏதேனும் ஒன்றிரண்டு கூறுகளில் குறை உள்ளவை அந்தக் கூறுகள் அடைக்கப்பட்டு, ஆறு கோர், ஏழு கூறு என்று கீழ்த்தரத்தில் விற்கப்படுகின்றன. சந்தையின் தேவைக்காக நல்ல கூறுகளையே அடைத்து விற்பதும் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதாவது 1961-இல் கடைசிக் குளிப்பு முடியும் வரையில், இக்கரையில் எடுத்த முத்துக்களை இருபது துளை முதல் ஆயிரம் துளை வரை உள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்தார்கள். பின்னர் உருட்சியையும் ஒளியையும் நோக்கி, ஆணிமுத்து முதல் தூள்முத்து வரை தரம் குறித்தார்கள். தூளுக்கும் அங்கே ஒரு விலை இருந்தது, அதை வாங்க ஒரு வியாபாரியும் இருந்தான். சிறிய பணத்தில் கணினி கோப்பவன் அந்த வியாபாரியின் கண்ணைப் பெற்றிருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்: அடைக்கப்பட்ட இரண்டு கோர்களால் தன் வாடிக்கைக்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதை அறிந்து, அதனால் குறையும் விலையை அவனுக்கு லாபமாக்கித் தரவேண்டும்.

இளைஞர் எளிதில் ஒப்பவில்லை. அவர் படித்ததும் வீண்படிப்பு அன்று. தனிக் கார்டுக்கென்றே உள்ள 5600 என்ற சில்லில் 32 எம்.பி. கேஷ் இருக்க, 5600ஜி-யில் அதில் பாதிதான் உண்டு என்றும், பின்னாளில் கார்டு மாட்டும்போது அது வேகத்தைச் சற்றுக் குறைக்கும் என்றும் அவர் வாதித்தார். அண்ணாச்சி அதை மறுக்கவில்லை. கார்டோடு பேசும் பாதையும் இதில் ஒரு தலைமுறை பழையது. ஆகையால் பின்னாளில் வாங்கும்போது நான்கே தடங்களில் ஓடும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைத் தொடக்கூடாது, எட்டுத் தடங்கள் உள்ள 6600 போன்றதையே பார்க்கவேண்டும் என்று எதிராளியின் வாதத்துக்கு வலுவும் சேர்த்தார். அதன்பின், இன்று ஆடப்போவது எது, இன்று கையில் இருப்பது எவ்வளவு என்று இரண்டே கேள்விகள் கேட்டார்.

ராம் விலைதான் அந்த மாதத்தில் எல்லாருக்கும் பெரிய துன்பமாக இருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்காக உலகின் பெரிய நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக் கொண்டுபோனதால், 2025-இன் கடைசி மாதங்களில் அதன் விலை இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியிருந்தது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் எழும்பும் கூடத்துக்காகத் திரேஸ்புரத்து இளைஞர் ஒருவர் விலை கொடுக்கவேண்டியிருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. அந்த விலையிலும் 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்காமல் எட்டெட்டாக இரண்டு வாங்கும்படி அண்ணாச்சி வற்புறுத்தினார். தனிக் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸ் பகுதியும் ராமிலிருந்தே உண்டு வாழ்வதால், இரண்டு துண்டுகள் சேர்ந்து இரட்டைப் பாதை திறந்தால்தான் விளையாட்டு தடையின்றி ஓடும்.

செகண்ட்ஸ் கார்டு வாங்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்துக்குக் கார்டுகளைக் கொண்டு சுரங்கம் வெட்டும் முறை முடிவுக்கு வந்தபின், ஓயாமல் உழைத்து ஓய்ந்த கார்டுகள் சென்னை ரிச்சி தெருவில் வந்து குவிந்தன. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப்போய் அவற்றை வாங்கிவந்த இளைஞர்கள் இங்கே பலர். அத்தகைய கார்டு ஒன்றை அந்தப் பெண் எனக்குப் பிரித்துக் காட்டினாள். மின்விசிறியின் தண்டை விரலால் அசைத்தாள். திருகின் தலையில் கீறல் உண்டா என்று பார்த்தாள். பின்பு ஒரு மணி நேரம் முழுச்சுமையில் ஓடவிட்டு வெப்பத்தைக் குறித்துக்கொண்டாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களுக்குப் பிறகு, நனைந்த கணினிகளைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்காக இரவும் பகலும் உழைத்ததாகச் சொன்னாள். சேற்று நீர் உலர்ந்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகையால் போர்டை முதலில் தூய நீரிலேயே கழுவி, அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தியபின்தான் மின்சாரம் காட்டவேண்டும். ஆத்திரப்பட்டு வீட்டிலேயே சுவிட்ச் போட்டுப் பார்த்தவர்களுடையவை பிழைக்கவில்லை.

கடைசியில் முடிவானது கார்டு இல்லாத கணினி: 5600ஜி, அதற்கேற்ற பி550 போர்டு, எட்டெட்டாக ராம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 550 வாட் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., முன்புறம் முழுவதும் வலை போட்ட கேபினெட். மானிட்டர் வீட்டில் இருந்த பழையதே போதுமென்று விட்டு, மீந்த பணம் யூ.பி.எஸ்.ஸுக்கும் புது எர்த்துக்கும் ஒதுக்கப்பட்டது.

கோக்கும் வேலையை அவர் இளைஞரின் கண்ணெதிரிலேயே செய்தார். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுத் தம் உடம்பின் நிலைமின்னை இறக்கிக்கொண்டு, பிராசசரின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, எவ்வித அழுத்தமும் இன்றி அது தானே அமர்ந்ததும் நெம்புகோலை இறக்கினார். ராமை இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகினார். பெட்டிக்குள் பூட்டுமுன் வெளியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பயாஸில் நுழைந்து ராமின் வேகத்தை 3200-க்கு உயர்த்தினார். இதைச் செய்யாமல் விடும் கடைகள் பல என்பதால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை அறியாமலே இழந்திருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். பின்பு முன்பக்கம் இரண்டு விசிறிகளும் பின்பக்கம் ஒன்றுமாக மாட்டினார். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடக் கூடுதலாக இருந்தால், இண்டு இடுக்குகளின் வழியே உப்புத்தூள் நுழையாது. முன்வலையை மாதமொருமுறை கழுவினால் போதும். கடல் பார்த்த ஜன்னலருகே வைக்கவேண்டாம், ஊருக்குப் போனாலும் தம்பியை விட்டுத் தினமும் சற்று நேரம் ஓடவிடச் சொல், அந்தச் சூட்டில்தான் ஈரம் போகும் என்று அவர் சொல்லச் சொல்ல, இளைஞர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

இத்தனை யோசனைக்கும் இத்தனை கைவேலைக்கும் என்ன கூலி என்று நான் கேட்டேன். பாகங்களின் விலையை எல்லாரும் கைப்பேசியிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவதால் அதில் நிற்கும் லாபம் சொற்பம். கோப்புக் கூலியையோ, பாகங்களின் விலையில் அடங்கியதென்றே ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அது தனி வரியாகவே பில்லில் எழுதப்படவேண்டிய உழைப்பு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அண்ணாச்சியிடமும் அதையே சொன்னேன். அவர் அந்த மாதத்திலிருந்து அப்படித்தான் எழுதத் தொடங்கியிருந்தார். திரேஸ்புரத்து இளைஞர் அந்த வரியைப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர், மகளின் கணினிக்காக வந்தவர், அந்த வரியில் விரலை வைத்து, "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார், அண்ணாச்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.