ஜவ்வாது மலையில் ஒரு சனி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை, மாலை, ஓரகடம்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓரகடத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பிரதேசத்தில் ஏரிக்கரைகளையும், பனைகளையும், நீல வர்ணக் கூரை போட்ட தொழிற்சாலைகளையும், அவற்றின் வாசலில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளையும் வேண்டிய மட்டும் காணலாம். மேடு என்று சொல்லத்தக்கது ஓரகடம் கூட்டு ரோட்டு மேம்பாலம் ஒன்றுதான். இப்படிப்பட்ட சமபூமியில் மலைக்கென்றே மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியாகின்றன என்பது யோசித்தால் வேடிக்கையாகவே இருக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் புல்லட் வண்டிகளை வாங்க முற்பட்டதும், 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு ஸ்தாபனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் அவ்வண்டிகளைப் பூட்டத் தொடங்கியதும் பழைய கதை. கடற்காற்றில் பிறந்த அந்த யந்திரங்கள் பனிமலைக் கணவாய்களில் உழைத்தன. அந்தத் தொழில் 2013-ல் ஓரகடத்துக்கும், 2017-ல் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. யமஹாவும் 2015-ல் வல்லம் வடகாலிலேயே ஆலையைத் திறந்தது. 2016-ல் வெளிவந்த ஒரு வண்டிக்கு 'ஹிமாலயன்' என்றே நாமகரணம் செய்தார்கள். அதைப் பூட்டிய கைகளில் பெரும்பாலானவை இமயமலையைக் காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி.

நானும் இந்தத் தொழிலில் காலம் தள்ளுகிறவன். பெயர் சொல்ல அவசியமில்லாத ஓர் ஆலையில், நகர்ந்து நகர்ந்து வரும் லைனில் நின்று, பின்சக்கர ஆக்ஸில் நட்டை முறுக்கிச் சரிபார்ப்பது என் உத்தியோகம். ஒரு வண்டி என் முன்னால் நிற்கும் அவகாசம் ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் நட்டை இறுக்கி, டார்க் ரென்ச் 'கிளிக்' என்று சொல்லுகிற வரை அழுத்தி, நட்டின் மேலும் ஆக்ஸிலின் மேலும் சேர்ந்தாற்போல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். பின்னால் எப்போதாவது நட்டு தளர்ந்தால் அந்தக் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இஞ்சினை ஏற்றுகிறவரையும் ஹேண்டில் பாரைப் பூட்டுகிறவரையும் நான் கேன்டீனில்தான் பார்க்கிறேன். முழு வண்டி என்ற ஒன்று வேலை நேரத்தில் எங்களில் எவருக்கும் பிரத்தியட்சமாவதில்லை. அதைக் காண ஆசைப்பட்டால் சொந்தக் காசில் ஒன்றை வாங்கி மலையில் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் மூட்டை கட்டினேன். கூடாரம், தரையில் விரிக்க ஒரு பாய், ஜமுக்காளம், சிறிய கேஸ் அடுப்பு, இரண்டு பாட்டில் தண்ணீர். கனமான சாமான்களைப் பின்னால் உயரத்தில் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் இளகிவிடும். ஆகையால் கனத்தைச் சீட்டை ஒட்டித் தாழ்வாகவும், லேசானவற்றை மேலேயும் வைத்துக் கட்டினேன். செயினை விரலால் தூக்கிப் பார்த்து, சுமைக்கு ஏற்றபடி தொய்வு சரியாக இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை, முற்பகல், போளூர்

ஏலகிரிக்குப் போயிருக்கலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவரின் பெயரோ வள்ளலின் பெயரோ சூட்டியிருக்கிறார்கள். ஆனால் விடுமுறை நாளில் பாரியையும் கபிலரையும் கார்களின் புகைக்கு நடுவே தரிசிக்க வேண்டியிருக்கும். எழுபது வளைவுள்ள கொல்லிமலையோ ஒரு வாரக் கடைசிக்குத் தூரம். ஜவ்வாது மலைக்கு அவ்வளவு கீர்த்தி இல்லை. அதுவே எனக்குச் சௌகரியமாயிற்று.

விடியுமுன் புறப்பட்டு, வாலாஜாபாத் வழியே காஞ்சிபுரத்தை அடைந்து, செவிலிமேட்டுப் பாலத்தில் பாலாற்றைக் கடந்தேன். வழக்கம்போல் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாமண்டூர்ப் பக்கத்தில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைகள் இருக்கும் குன்றை வலக்கைப் பக்கத்தில் விட்டு, செய்யாறு, ஆரணி என்று வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. செய்யாறு ஊருக்குப் பெயர் தந்த நதி பிறப்பது நான் ஏறப்போகும் மலையில். அது ஓடி வந்து பாலாற்றில் கலப்பது எங்கள் ஊருக்கு அடுத்த வாலாஜாபாத் பக்கத்துத் திருமுக்கூடலில். ஆக, நான் ஒரு நதியை அதன் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கித் தொடர்ந்து போகிறவன் ஆனேன். இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. போளூர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றிற்று.

பெட்ரோலைப் போளூரிலேயே நிரப்பிக்கொண்டேன். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். வேறு எந்த ஷிப்டில் எவர் இழுத்ததோ, அந்த மஞ்சள் கோடு முறியாமல் நேராக இருந்தது. டீக்கடைக்காரர், "பஞ்சரா சார்?" என்றார். "இல்லீங்க, சும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை, மாலை, ஜமுனாமரத்தூர்

மலைச்சாலையில் வளைவு என்பது, சமவெளியிலே பழகிய கைக்கு முதலில் ஒரு மிரட்டலாகவே தோன்றுகிறது. எங்கள் ஊர்ச் சாலைகளில் வண்டியை நேரே பிடித்துக்கொண்டு லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்தால் போதும். இங்கோ சாலையே திரும்பி நின்று நம் முகத்தைப் பார்க்கிறது. வேகம் இருமடங்கானால் வளைவில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்று பாலிடெக்னிக்கில் எழுதி மார்க் வாங்கிய சூத்திரத்தை, அத்தனை வருஷம் கழித்து என் முழங்கால்கள் இன்றுதான் புரிந்துகொண்டன. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைத் தொடக் கூடாது. ஹாரன் அடிக்க வேண்டும். கண் சக்கரத்துக்கு முன்னால் உள்ள தாரைப் பார்க்காமல், சாலை எங்கே போய் முடிகிறதோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போன இடத்துக்கு வண்டி தானாக வருகிறது. இதற்கு விஞ்ஞானப் பூர்வமான காரணம் இருக்கக்கூடும். எனக்கு அது ஒரு மரியாதையாகவே பட்டது.

சில வளைவுகள் கடந்த பிறகு ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. ஆக்ஸில், செயின், ஸ்விங் ஆர்ம், டயர் என்று தனித்தனியே பெயர் சொல்லி நான் அறிந்திருந்த உறுப்புகளெல்லாம் மறைந்துபோய், சாய்வதும் நிமிர்வதும் மூச்சு வாங்குவதுமாகிய ஒரே வஸ்து எனக்குக் கீழே இருந்தது. லைனில் இத்தனை வருஷம் நின்றும் நான் பார்த்திராத முழு வண்டி இதுதான் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மேலே வரவர, காற்றின் உஷ்ணம் குறைந்தது. மலைச்சரிவில் புளியமரங்களும் பலாமரங்களும், வெட்டவெளியில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற சாமைக் கொல்லைகளும் வந்தன. ஒரு காலத்தில் இம்மலைக்குக் கீர்த்தி தந்த சந்தனமரத்தைத் தேடித்தான் பார்த்தேன்; கண்ணில் படவில்லை. ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் சாமை அரிசி, தேன், புளி என்று மலைப்பொருள்கள் விற்பனைக்கு இருந்தன. கோலப்பன் ஏரியில் படகு விடுகிறார்கள். அங்கே அதிகம் நிற்கவில்லை.

சனிக்கிழமை, இரவு, ஊருக்கு அப்பால்

எங்கே படுப்பது என்பதுதான் அடுத்த பிரச்சினை. சாலையின் இரு புறமும் பெரும்பாலும் காப்புக்காடு. அதற்குள் நுழைந்து கூடாரம் அடிப்பது சட்ட விரோதம் என்பதோடு, 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் மாண்டதற்குப் பிறகு, அது வெறும் சட்டம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் என் மனத்தில் இருக்கவில்லை. ஆகையால் சாலையோரத்தில் ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தி, கல்லின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், அவர் கொல்லையில் இரவு தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் என்னை, வண்டியை, மூட்டையை என்று முறையாகப் பார்த்து முடித்தார்.

"தனியாவா வந்தீங்க தம்பி?"

"ஆமாங்க ஐயா."

"வீட்ல சண்டையா?"

இல்லை என்றேன். ஒருவன் வீட்டில் கட்டிலை வைத்துக்கொண்டு, சண்டையும் இல்லாமல், இத்தனை தூரம் வந்து தரையில் படுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. எனக்கும் அந்தச் சமயத்தில் ஒன்றும் சொல்ல வரவில்லை. "எங்க வேலை?" என்றார். ஓரகடம் என்றதும் முகம் மலர்ந்தது. அவருடைய பேத்தி சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாளாம், ஹாஸ்டலில் இருக்கிறாளாம். "அந்தப் பக்கம் மலையே இல்லியாமே, மழை எங்கேருந்து வருதுன்னே தெரியலன்னு சொல்லுது புள்ள" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, கூடாரத்தைப் பாறைக்கு மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கச் சொன்னார். அடுப்பைத் தாளிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். நான் கொண்டுவந்த உப்புமா மாவைப் பார்த்துவிட்டு உள்ளே போய், சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். பணம் கொடுத்தேன். வாங்கவில்லை.

இம்மலையின் பிள்ளைகள் வேலை தேடி இறங்குவது புதிது அல்ல. கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். செம்மரம் வெட்டவும் அழைத்துப் போயிருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிக்கு அருகே சேஷாசல வனத்தில் ஆந்திரப் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையான 20 பேரில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. அந்தப் பேச்சைப் பெரியவரிடம் நான் எடுக்கவில்லை. ஆனால், ஒரு பெண் கம்பெனி பஸ்ஸில் ஏறி அடையாளச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குவது அந்த வீட்டில் எத்தகைய ஆறுதலாக இருக்கும் என்பதை ஊகித்துக்கொண்டேன். எங்கள் தொழிற்பேட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொரியா, ஜப்பான், ஜெர்மனி என்று முதலீடு வந்த தேசங்களை அடுக்குகிறார்கள். கைகள் வந்த ஊர்களை யாரும் அடுக்கிக் கேட்டதில்லை.

இரவு நன்றாகக் குளிர்ந்தது. தை மாதத்து ஆகாயம் நிர்மலமாக இருந்தது. உச்சியில் கார்த்திகைக் கொத்து, அதற்குக் கிழக்கே ரோகிணி, இன்னும் கீழே செந்நிறத்தில் திருவாதிரை. ஜாதகக் கட்டங்களில் மட்டுமே அறிந்திருந்தவர்களை நேரில் கண்டேன். எங்கள் ஊரில் ஆலை விளக்குகளின் வெளிச்சத்தில் திருவாதிரை ஒன்று தெரிந்தாலே பாக்கியம். கழுத்து வலிக்கும் வரை பார்த்துவிட்டு, கூடாரத்துக்குள் போய், ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போர்த்துக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியவரிடம் இரண்டு படி சாமை விலைக்குக் கேட்டேன். அதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். கூடாரம் பனியில் நனைந்திருந்ததால் காய வைத்துச் சுருட்ட நேரமாயிற்று.

திரும்புகையில் வேறு வழி; காவலூர், ஆலங்காயம், வாணியம்பாடி. காவலூரில் மரங்களுக்கு மேலே வெள்ளை நிறக் கோபுரமாக எழுந்து நிற்கிறது வானாராய்ச்சி நிலையம். வைணு பாப்பு என்ற மேதை, மின்விளக்குகளும் மேகமும் குறைந்த இடம் வேண்டுமென்று தேடி, கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் இந்தச் சந்தனக் காட்டைத் தெரிந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கிற்று. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் அறிந்தபோது, அந்த அவதானத்தில் காவலூருக்கும் பங்கு இருந்தது. பாப்பு 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே சூட்டி, 1986 ஜனவரி 6-ஆம் தேதி திறந்துவைத்தவர் பிரதமர் ராஜீவ் காந்தி. ஸ்ரீபெரும்புதூர்க்காரனாகிய எனக்கு அந்தப் பெயர் எந்தப் பேச்சிலும் 1991 மே 21-ஆம் தேதியோடு சேர்ந்தே வரும்; தினசரி அவர் நினைவிடத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். எங்கள் ஊருக்கு வந்து மாண்டவர், அதற்கு ஐந்து வருஷம் முன்பு இந்த மலையில் நின்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்திருப்பார் என்று நினைத்தபோது மனம் என்னவோ போலிருந்தது. பொதுமக்களைச் சனிக்கிழமையில் உள்ளே விடுவது வழக்கம் என்பதால் வெளியிலிருந்து பார்த்ததோடு நகர்ந்தேன்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றத்தில் இஞ்சினுக்குச் சிரமம்; இறக்கத்தில் ஓட்டுகிறவனுக்கு. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியசாலிகள் பிரேக்கைக் காய்ச்சிப் பின்பு சாமர்த்தியத்தையும் இழக்கிறார்கள். என் முன்னால் அப்படி ஒரு கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டு போயிற்று. எதிரே ஏறி வந்த மினி பஸ், குறுகலான வளைவில் அவர்களுக்காக நின்று, மறுபடி முதல் கியரில் முக்கி முனகிக் கிளம்ப வேண்டியதாயிற்று.

வாணியம்பாடியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை; ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை. அதில் எழுத ஒன்றும் இல்லை. நாளை எனக்கு முதல் ஷிப்ட்.

வண்டி வைத்திருக்கிற நண்பர்களுக்குச் சில விண்ணப்பங்கள். மலைச்சாலை குறுகலாக இருக்கிற இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது தாட்சண்யம் அல்ல, நம் தேசத்துச் சாலை விதி. கூடாரம் அடிக்க ஆசைப்பட்டால் காப்புக்காட்டுக்குள் புகாமல், பட்டா நிலத்துக்காரரைக் கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் தங்குங்கள். புறப்படும்போது அவர் விளைவித்த சாமையையோ தேனையோ, பேரம் பேசாமல், அவர் சொன்ன விலைக்கு வாங்கி வாருங்கள்.